பொய்யை யார் தடுப்பது, எப்படித் தடுப்பது?

(சமூக ஊடகப் பொறுப்பாளர்களுக்கான பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இணையத்தில் வருவதை அரசு கட்டுப்படுத்த வேண்டுமா, வேண்டாமா? இந்தக் கேள்விக்கு எந்தக் கட்சிக்காரரைக் கேட்டாலும் அன்றைய நிலைமையைப் பொறுத்துத்தான் பதில் வரும். எதிரணி அவதூறு பரப்பினால் "உடனே முடக்கு" என்பார்கள். தங்கள் பதிவு காணாமல் போனால் "கருத்துரிமை எங்கே?" என்பார்கள். நாம் அப்படிப் பேச முடியாது. நாளைக்கு யார் ஆட்சியில் இருந்தாலும் மாறாத ஒரு நிலைப்பாடு நமக்கு வேண்டும். அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்வோம். பொய் ஆளைக் கொல்லும். 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் அத்திமூர். சென்னையிலிருந்து கோயிலுக்கு வந்த ஒரு குடும்பம். குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்ததற்காக 65 வயது மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். "குழந்தை கடத்தும் கும்பல் வந்திருக்கு" என்று வாட்ஸ்அப்பில் சுற்றிய வதந்திதான் காரணம். அடித்தவர்கள் யாருக்கும் அந்தச் செய்தியை முதலில் எழுதியவன் யார் என்று தெரியாது.

ஒரு நாளிதழை எடுத்துப் பாருங்க. அச்சிட்டவர் பேர், வெளியிட்டவர் பேர், ஆசிரியர் பேர் எல்லாம் இருக்கும். 1867லேயே இதற்குச் சட்டம் வந்துவிட்டது. சினிமாவுக்கு 1952 சட்டப்படி தணிக்கை இருக்கிறது, படம் தியேட்டருக்கு வரும் முன்பே பார்த்துவிடுவார்கள். கேபிள் டிவிக்கு 1995 சட்டம். இவை எல்லாவற்றுக்கும் ஒரு வாசல் இருந்தது, அந்த வாசலில் ஒருவர் நின்றார். வாட்ஸ்அப் ஃபார்வர்டுக்கு வாசலும் இல்லை, காவலாளியும் இல்லை. அதனால்தான் பழைய சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்து இங்கே பொருத்தினால் பொருந்தவில்லை.

சரி, புதுச் சட்டம் போட்டார்களே, என்ன ஆச்சு?

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். "எரிச்சல் உண்டாக்கும்" பதிவு போட்டாலே 3 ஆண்டு வரை சிறை. 2012 அக்டோபரில் புதுச்சேரியில் ஒரு சிறுதொழில் முனைவரைக் கைது செய்தார்கள். ஓர் ஒன்றிய அமைச்சரின் மகனைப் பற்றி ட்விட்டரில் எழுதினார் என்பதுதான் குற்றம். அடுத்த மாதமே மகாராஷ்டிராவின் பால்கரில் இரண்டு இளம்பெண்கள் கைது. மும்பை முழு அடைப்பைப் பற்றி ஒருவர் ஃபேஸ்புக்கில் எழுதினார், இன்னொருவர் அதற்கு லைக் போட்டார். லைக் போட்டதற்குக் கைது!

2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 66ஏ பிரிவையே ரத்து செய்தது. செத்துப்போன அந்தப் பிரிவின் கீழ் அதன் பிறகும் காவல் நிலையங்களில் வழக்குப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றமே அதிர்ச்சி தெரிவித்தது. ஒரு மோசமான அதிகாரத்தைக் கொடுப்பது சுலபம், திரும்ப வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று இதிலேயே தெரிகிறது.

அடுத்து 2023 ஏப்ரல். ஒன்றிய அரசின் பணிகளைப் பற்றி இணையத்தில் வருவது உண்மையா பொய்யா என்று சொல்ல, ஒன்றிய அரசே ஓர் உண்மை சரிபார்ப்புப் பிரிவு அமைக்கும் என்று விதியைத் திருத்தினார்கள். அது "பொய்" என்று முத்திரை குத்திய பிறகும் பதிவை விட்டுவைத்தால், அந்தத் தளத்துக்கு 79ஆம் பிரிவு தரும் சட்டப் பாதுகாப்பு போய்விடும். கம்பெனிக்காரன் ரிஸ்க் எடுப்பானா? தூக்கிவிடுவான். நகைச்சுவைக் கலைஞர் குணால் காம்ராவும் எடிட்டர்ஸ் கில்டும் வழக்குப் போட்டார்கள். 2024 செப்டம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை ரத்து செய்தது. அரசைப் பற்றிய விமர்சனத்துக்கு அரசே நீதிபதியாக உட்கார முடியாது. அவ்வளவுதான் விஷயம்.

நம்ம ஊர்க் கதைக்கு வருவோம். 2025 பிப்ரவரி. விகடன் பிளஸ் இதழில் ஒரு கேலிச்சித்திரம், கையில் விலங்கோடு பிரதமர், பக்கத்தில் ட்ரம்ப். புகார் போனது. விகடன் இணையதளமே பலருக்குத் திறக்கவில்லை. பிரச்சினை ஒரு படம், பூட்டியது முழுத் தளத்தையும்! பூட்டு விழுந்த பிறகுதான் நோட்டீஸ் வந்தது. மார்ச் மாதம் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு, அந்தப் படத்தைத் தற்காலிகமாக எடுத்துவிட்டால் தளத்தைத் திறந்துவிட வேண்டும் என்று சொன்ன பிறகுதான் வழி பிறந்தது. ஒரு பெரிய நிறுவனத்துக்கு வழக்கறிஞர் வைத்து வாதாட வசதி இருக்கிறது. கிராமத்தில் செல்போன் வைத்து யூடியூப் நடத்தும் தம்பிக்கு என்ன இருக்கிறது?

69ஏ பிரிவின் கீழ் முடக்கும் விதிகளில், புகாரும் நடவடிக்கையும் ரகசியமாக இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. அந்த உத்தரவுகளை ஆராயும் மறுஆய்வுக் குழுவிலும் அரசுச் செயலாளர்கள்தான். உத்தரவு போடுவதும் அவர்கள் பக்கம், சரிபார்ப்பதும் அவர்கள் பக்கம்.

"அப்போ வதந்தியைச் சும்மா விடச் சொல்றீங்களா?" என்று கேட்பீர்கள். இல்லை. 2023 மார்ச்சை நினைத்துப் பாருங்க. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. பீகார் சட்டமன்றத்திலேயே பிரச்சினை ஆனது. அங்கிருந்து அதிகாரிகள் குழு இங்கே வந்தது. என்ன செய்தோம்? அன்றைய டிஜிபி சைலேந்திர பாபு வீடியோவில் வந்து விளக்கினார். ஒன்று திருப்பூரில் பீகார் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த மோதல், மற்றொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்தது என்று ஆதாரத்தோடு சொன்னார். உதவி எண்கள் அறிவித்தார்கள், தொழிலாளர்களிடம் இந்தியிலேயே பேசினார்கள். பொய்யைவிட வேகமாக உண்மையைக் கொண்டுபோனதால் ஒரு பெரிய ஆபத்து விலகியது. அதே விவகாரத்தில் ஒரு யூடியூபர் மீது தேசிய பாதுகாப்புச் சட்டமும் பாய்ந்தது, அதைப் பிறகு உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பொய் பரப்பினால் வழக்குப் போடுங்கள், தண்டனை வாங்கிக் கொடுங்கள். விசாரணை இல்லாமல் அடைத்து வைக்கும் சட்டம் எதற்கு? இன்று அவருக்கு என்றால் நாளை யாருக்கு வேண்டுமானாலும் வரும்.

இன்னொரு பாடமும் இருக்கிறது. 2018இல் நாடு முழுக்க வதந்திக் கொலைகள் நடந்த பிறகு, இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் 5 சாட்டுகளுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் மாற்றியது. யாருடைய வாயையும் அடைக்கவில்லை, வேகத்தைத்தான் குறைத்தது. கட்டுப்பாடு கை வைக்க வேண்டிய இடம் இதுதான். எது பரவ வேண்டும் என்று தீர்மானிக்கும் நிறுவனங்களின் இயந்திரம் கேள்வி கேட்பாரில்லாமல் ஓடுகிறது. சாதாரண மனுஷன் எழுதும் நாலு வரிக்குத்தான் சட்டம் பாய்கிறது.

ஆகவே நம் கோரிக்கைகள் இவை:

1. ஒரு பதிவை நீக்கச் சொன்னால், காரணத்தோடு எழுத்தில் உத்தரவு வேண்டும். பதிவு போட்டவருக்கும் நகல் தர வேண்டும்.

2. நீக்கினால் அந்தப் பதிவை மட்டும். முழுத் தளத்தையோ கணக்கையோ அல்ல.

3. மறுஆய்வு செய்பவர்கள் அரசுக்கு வெளியே இருக்க வேண்டும். ஒன்றிய அரசானாலும் மாநில அரசானாலும் இதே விதிதான்.

4. தமிழில் வரும் புகார்களைப் பார்க்க எத்தனை பேரை வைத்திருக்கிறோம், எந்த விளம்பரத்துக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்று நிறுவனங்கள் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

இவை அவர்களிடம் கேட்பது. உங்களிடம் கேட்பதும் உண்டு. தேதியும் இடமும் தெரியாத வீடியோவைப் பகிராதீர்கள், அது நமக்குச் சாதகமாக இருந்தாலும் சரி. சாதகமாக இருந்தால் இரண்டு முறை பாருங்கள். தவறான தகவல் போய்விட்டால் சத்தமில்லாமல் அழிக்காமல், அதே இடத்தில் திருத்தம் போடுங்கள். எதிரணி நம்மை விமர்சிக்கும் பதிவைக் கூட்டம் சேர்த்து ரிப்போர்ட் அடிக்கும் வேலை வேண்டவே வேண்டாம். பதில் எழுதுங்கள். உங்கள் பதிவு முடக்கப்பட்டால் ஸ்கிரீன்ஷாட், லிங்க், தேதி, வந்த நோட்டீஸ் எல்லாவற்றையும் சேமித்து மாவட்ட வழக்கறிஞர் அணியிடம் கொடுங்கள். நீதிமன்றத்தில் ஆவேசம் செல்லாது, ஆவணம்தான் செல்லும்.

ஒரு சட்டம் நல்லதா கெட்டதா என்று குழப்பம் வந்தால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: இந்த அதிகாரம் நம்மை வெறுக்கிறவர் கையில் இருந்தாலும் இதை ஆதரிப்போமா? "ஆமாம்" என்றால் ஆதரியுங்கள். "ஐயோ, வேண்டாம்" என்றால், நம்மவர் கையில் இருக்கும்போதும் எதிர்த்து நில்லுங்கள். அத்திமூரில் நடந்தது இன்னோர் ஊரில் நடக்காமல் இருக்கவும், விகடனுக்கு நடந்தது உங்களுக்கு நடக்காமல் இருக்கவும் இரண்டு பக்கமும் நாம்தான் நிற்க வேண்டியிருக்கிறது.



#கருத்துரிமை #வதந்தியைப்_பகிராதீர்