பாவனை விமானத்தில் வானிலையும் சுமையும்

குளத்தூர், பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்து மக்களுக்கு வானிலை என்பது ஏட்டுப் படிப்பு அன்று. 2017 நவம்பர் இறுதியில் ஓகி புயல் சில மணி நேரத்திற்குள் வலுப்பெற்றபோது, தென் திருவனந்தபுரம், கன்னியாகுமரிக் கரைகளிலிருந்து கடலுக்குச் சென்ற மீனவர் பலர் திரும்பவில்லை. தோணியில் எத்தனை பேர், எவ்வளவு வலை, காற்று எந்தப் பக்கம் என்று பார்த்த பின்னரே கடலில் இறங்குவது இக்கரையின் வழக்கம். விமானியின் கணக்கும் அடிப்படையில் இதுவே.

திருவனந்தபுரம் விமான நிலையத்தின் ஓடுபாதை ஏறத்தாழ 3,400 மீட்டர் நீளமுடையது. அதைத் தென்கிழக்கே நேராக நீட்டினால், அக்கோடு பூவாறு, பொழியூர்ப் பக்கத்துக் கடலோரத்தை ஒட்டிச் செல்லும். வளைகுடா நாடுகளில் உழைத்துத் திரும்பும் இவ்வட்டார மக்கள், பெட்டி படுக்கைகளுடன் இந்த வானத்தின் வழியேதான் ஊர் வந்து சேருகின்றனர். மழைக்காலத்தில் அவர்களை இறக்கும் விமானி, அத்தகைய மழையை முன்னரே எங்கே சந்தித்திருப்பார்? பெரும்பாலும் தரையில் நிற்கும் ஒரு பாவனை விமானத்தில். மக்கள் வழக்கில் அதன் பெயர் சிமுலேட்டர்.

இக்கருவியின் வரலாறு 1929-ஆம் ஆண்டில் தொடங்குகிறது. அமெரிக்காவில் இசைக்கருவித் தொழிற்சாலை ஒன்றில் பணியாற்றிய எட்வின் லிங்க், ஆர்கன் இசைக்கருவியின் காற்றுத்துருத்திகளைக் கொண்டே அசையும் பயிற்சிப் பெட்டியை அமைத்தார். 1934-இல் அந்நாட்டு இராணுவ விமானப் படை அஞ்சல் ஏற்றிச் சென்றபோது, மோசமான வானிலையில் விமானிகள் பலர் மாண்டனர். அதன் பின்னரே படையினர் லிங்கின் பெட்டிகளை வாங்கினர். ஆக, இக்கருவிக்கு மதிப்பைத் தேடித் தந்ததே கெட்ட வானிலைதான்.

இன்றைய பெரிய சிமுலேட்டரில் விமானிகளின் இருக்கைக்குப் பின்னால் பயிற்சியாளர் அமர்ந்திருப்பார். அவர் முன்னுள்ள திரையில் இரு பகுதிகள் உண்டு. முதலாவது வானிலை. காற்றின் திசை, ஒவ்வோர் உயரத்திலும் அதன் வேகம், பார்வைத் தொலைவு, மேகத்தின் அடிமட்டம், வெப்பநிலை, காற்றழுத்தம், மழை, ஓடுபாதையின் ஈரம் ஆகியவற்றை அவர் அமைக்கிறார். இரண்டாவது சுமை. பயணிகள், சரக்கு, எரிபொருள் ஆகியவற்றின் எடையும், அவ்வெடை கூடி நிற்கும் ஈர்ப்பு மையமும் இதில் அடங்கும்.

இவ்வெண்கள் அலங்காரத்திற்காக அல்ல என்பதை ஓர் எளிய கணக்கு காட்டும். 140 நாட் வேகத்தில் இறங்கும் விமானத்தை 10 நாட் எதிர்க்காற்று சந்தித்தால், தரையைப் பொறுத்து அதன் வேகம் 130 நாட். அதே காற்று பின்னிருந்து வீசினால் 150 நாட். நிறுத்தவேண்டிய ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. ஆதலால் அது மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. எடை பத்து விழுக்காடு ஏறினால் இறங்கும் வேகமும் ஏறத்தாழ ஐந்து விழுக்காடு ஏறும். வெப்பநிலை 15 பாகையிலிருந்து 33 பாகைக்கு உயர்ந்தால், காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 6 விழுக்காடு குறையும். விமானம் மேலெழ மேலும் நீண்ட ஓட்டம் வேண்டும்.

சுமையைத் தவறாகக் கணித்ததன் விளைவை 2003 சனவரி 8 அன்று அமெரிக்காவின் சார்லட் நகரில் நேர்ந்த விபத்து உணர்த்தியது. சிறிய பயணி விமானமொன்று மேலெழுந்தவுடன் விழுந்து, அதிலிருந்த 21 பேரும் இறந்தனர். வால் பகுதிக் கட்டுப்பாட்டுக் கம்பி சரியாகப் பொருத்தப்படாதது ஒரு காரணம். விமானம் அளவுக்கு மீறிய எடையுடன், ஈர்ப்பு மையம் பின்தள்ளி இருந்தது மற்றொன்று. பயணியின் சராசரி எடை என்று ஏட்டில் வைத்திருந்த எண், மெய்யான மனிதரின் எடையைவிடக் குறைவாக இருந்தது. அதன்பின் அவ்வெண்கள் திருத்தப்பட்டன.

வானிலைக்கும் இத்தகைய பாடம் உண்டு. 1985 ஆகஸ்ட் 2 அன்று டல்லாஸ் நகரில், இடிமழை மேகத்திலிருந்து திடீரெனக் கீழ்நோக்கிப் பாய்ந்த காற்றில் சிக்கிய விமானம் 137 உயிர்களைப் பலிகொண்டது. பதிவுக் கருவியிலிருந்து அக்காற்றின் போக்கைக் கணித்து, சிமுலேட்டர்களில் பயிற்சிக்காக அமைத்தனர். ஒரு துயரம் இவ்வாறு பிற விமானிகளுக்குப் படிப்பாயிற்று.

கேரள மண்ணிலேயே 2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில் நேர்ந்தது இன்னும் நெருக்கமானது. துபாயிலிருந்து 184 பயணிகளுடனும் 6 பணியாளருடனும் வந்த போயிங் 737 விமானம், மழையில், 15 நாட் அளவு பின்காற்றுடன் தரை தொட்டது. 2,700 மீட்டர் ஓடுபாதையில் ஏறத்தாழ பாதி கடந்த பின்னரே சக்கரங்கள் தரையில் பட்டன. பள்ளத்தில் வீழ்ந்த அவ்விமானத்தால் 21 பேர் உயிரிழந்தனர். இறங்குவதைக் கைவிட்டு மீண்டும் மேலெழுமாறு துணை விமானி கூறியும் தரையிறக்கம் தொடர்ந்தது என்று 2021-இல் வெளியான விசாரணை அறிக்கை சுட்டிக்காட்டியது.

இங்கேதான் சிமுலேட்டரின் உண்மையான பயன் விளங்குகிறது. வானிலையையும் சுமையையும் தனித்தனியே அமைப்பது போதாது. இரண்டும் ஒன்றையொன்று இறுக்குபவை. மழை ஓயும்வரை வட்டமிடவோ, கொச்சிக்கோ மதுரைக்கோ திரும்பவோ எரிபொருள் வேண்டும். எரிபொருள் எடை; எடை கூடினால் ஈரமான பாதையில் நிற்கும் தொலைவும் கூடும். எரிபொருள் குறையக் குறைய விமானம் இலேசாகும். ஆனால் விமானி காத்திருக்கும் காலமும் சுருங்கும். இந்த நெருக்கடியில் ‘இறங்கேன், மேலெழுவேன்’ என்று முடிவு செய்யும் துணிவே பயிற்சியின் இலக்கு. அமைதியான வானில், பாதி வெறுமையான விமானத்தில் அம்முடிவு பிறப்பதற்கு வழியே இல்லை.

அன்பார்ந்த இளைஞர்களே! 1982-இல் மைக்ரோசாஃப்ட் தன் முதல் பறத்தல் மென்பொருளை வெளியிட்டது முதல், வீட்டு மேசையிலும் பாவனை விமானம் பறக்கிறது. விமானிப் பயிற்சிக்கு அது ஈடாகாது. எனினும் சிந்தனையைப் பழக்கும். அதில் மேகமற்ற வானத்தையும் இலேசான விமானத்தையும் தேர்ந்தெடுத்துப் பறப்பது எளிது. ஆயினும் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. ஜூன் மாதத்து மழையை அமையுங்கள். நிறைந்த இருக்கைகளையும் நிறைந்த சரக்கறையையும் அமையுங்கள். பத்து நாட் பின்காற்றையும் சேருங்கள். பிறகு எண்களை ஒவ்வொன்றாக மாற்றி, எந்த எண் எதை மாற்றுகிறது என்று குறித்து வையுங்கள். எந்த அளவில் இறங்கக் கூடாது என்பதைப் பறப்பதற்கு முன்பே எழுதி வைத்துக்கொள்வது இன்னும் சிறந்தது.

கருவி எத்துணை நுட்பமானதாயினும், தனக்கு இடப்பட்ட எண்களையே அது திருப்பித் தரும். பொய்யான வானத்தை அமைத்தால் பொய்யான தன்னம்பிக்கையே விளையும். நெய்யாறு கடல் சேரும் இக்கரையின் மெய்யான மழையையும், வளைகுடாவிலிருந்து பெட்டியுடன் வரும் மெய்யான மனிதரின் எடையையும் அமைத்துப் பழகியவர், அம்மழை வரும் நாளில் அதை முதன்முறையாகச் சந்திப்பவராக இருக்கமாட்டார். வாசலில் காத்திருக்கும் குடும்பங்களுக்கு அதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறில்லை.