சொன்னதைக் கேட்கும் பெட்டி



பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு எல்லையில், மாந்தோப்புகளால் பெயர்பெற்றது முதலமடை. கோவிந்தாபுரத்தைக் கடந்தால் தமிழ்நாடு. இங்குள்ள பல குடும்பங்களில் வீட்டுமொழி தமிழ். வெளியில் வழங்குவது மலையாளம். இத்தகைய இல்லங்களிலும், மும்பை, பெங்களூர் முதலிய நகரங்களில் வாழும் தமிழர் இல்லங்களிலும், இன்று ஒரு புதிய கருவி இடம்பெற்று வருகிறது. குரல் கேட்டு இயங்கும் ஒலிபெருக்கியே அது. ‘ஸ்மார்ட் ஸ்பீக்கர்’ என்பது கடைவழக்கு. அதை வாங்குவோர் எண்ணிப் பார்க்க வேண்டிய சிலவற்றை இன்று கூற விரும்புகிறேன்.

பழைய வானொலிப் பெட்டி பேசும், நாம் கேட்போம். இதுவோ நாம் பேசுவதையும் கேட்கிறது. ஆதலின், எந்த மொழியில் கேட்கும் என்பதே முதல் வினா. அமேசான் நிறுவனத்தின் ‘அலெக்ஸா’ 2017-இல் ஆங்கிலத்துடன் இந்தியாவுக்கு வந்தது. 2019-இல் இந்தியும் சேர்ந்தது. தமிழ்ப் பாடலை ஒலிக்கும் பெட்டிக்குத் தமிழ் விளங்கும் என்று மயங்கலாகாது. கைப்பேசியிடம் தமிழில் வினவி விடை பெறுகிறோமே என்று, ஒலிபெருக்கியும் அவ்வாறே செய்யும் எனக் கொள்வதும் பொருந்தாது.

பகல் முழுதும் வீட்டிலிருப்பவர் பெரும்பாலும் பாட்டியாரே. எனவே கடையில் அவரையே பேசச் செய்து பாருங்கள். ஒரு பக்திப் பாடலைக் கேட்கவும் அவர் பேரனை எதிர்பார்க்க வேண்டியிருப்பின், அப்பெட்டியால் அவருக்குப் பயன் சிறிதே. அன்றியும், ‘தமிழில் சொன்னால் நடக்காது’ என்னும் எண்ணம் குழந்தையின் உள்ளத்தில் பதியவும் கூடும். அயல் மாநிலத்தில் தமிழுக்கு எஞ்சியிருக்கும் இடம் வீடு ஒன்றே எனும்போது, இது சிறிய இழப்பன்று. சில கருவிகளில் நாமே தேர்ந்த சிறு தொடரைக் கட்டளையாகப் பதிந்து வைக்கலாம். பாட்டியார் நாவுக்கு எளிதாக வரும் தொடரைப் பதிந்து, அது பலிக்கிறதா என்று சோதிப்பது நலம்.

அடுத்தது, நம் பேச்சு எங்கே செல்கிறது என்பது. தனக்குரிய அழைப்புச் சொல் காதில் விழுந்ததும், பின்வரும் பேச்சைப் பெட்டி இணையம் வழியே நிறுவனத்தின் கணினிகளுக்கு அனுப்புகிறது. சிற்சில வேளைகளில் வேறொரு சொல்லையும் அழைப்பென்று கொண்டுவிடும். குழந்தைகளின் குரல்பதிவுகளை அளவுக்கு மீறி வைத்திருந்ததாக அமெரிக்க அரசு தொடுத்த வழக்கில், 2023-இல் இரண்டரைக் கோடி டாலர் தண்டம் செலுத்த அமேசான் இசைந்தது. ஆகவே ஒலிவாங்கியை அணைக்கும் பொத்தான் எங்குள்ளது என்பதை வீட்டார் அனைவரும் அறிந்திருத்தல் வேண்டும். பழைய பதிவுகளை அவ்வப்போது அழித்துவிடுங்கள். படுக்கையறையில் பெட்டியை வைக்க வேண்டாம். குரலால் பொருள் வாங்கும் வசதிக்கு இரகசிய எண் இட்டுப் பூட்டுங்கள்.

மூன்றாவது, இணையம். 2018 முதல் அகில இந்திய வானொலியின் ஒலிபரப்பும் அலெக்ஸா வழியாகக் கிடைக்கத் தொடங்கியது. தொலைவில் வாழ்வோருக்கு இது மகிழ்ச்சி தருவதே. ஆயினும் தென்மேற்குப் பருவமழையில் மின்சாரமோ இணையமோ தடைப்பட்டால் அந்த வசதியும் நின்றுவிடும். எனவே மின்கலத்தால் இயங்கும் சிறு வானொலி ஒன்றையும் வீட்டில் வைத்திருங்கள். புயல், வெள்ளச் செய்திகளை அப்போது தருவது அதுவே.

வாங்கிய பின்னரும், பெட்டியிடம் எம்மொழியில் பேச நேர்ந்தாலும், ஒருவரோடொருவர் பேசுவது தமிழாகவே இருக்கட்டும்.