பாருக்கு மேல நாடா பிடிச்ச கதை
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

எனக்குக் கடலுக்குள்ள முங்கத் தெரியும், மைக்கில பேசத் தெரியாது. தப்பு வந்தா பொறுத்துக்கோங்க.

நான் பதினாலு வயசுல அம்மாகூட பாசி எடுக்கப் போனவ. விரல்ல துணி சுத்தி, கால்ல தகடு கட்டி, இடுப்புல வலைப்பை. நம்மள்ல பாதிப் பேருக்கு இதுதான் பொழப்பு. 1986ல மன்னார் வளைகுடாத் தீவுகளைத் தேசியப் பூங்கான்னு அறிவிச்சாங்க. மண்டபத்துல இருந்து தூத்துக்குடி வரைக்கும் மொத்தம் 21 தீவு. அதுல ரெண்டு இப்ப தண்ணிக்குள்ள போயிருச்சு. "நம்ம கடல்ல நம்மளையே விரட்டுறாங்க"ன்னு ரொம்ப நாள் எனக்குக் கோபம். இன்னும் முழுசாப் போகல.

2016ல ஆராய்ச்சிக்காரங்க படகுல உதவிக்கு ஆள் கேட்டாங்க. கூலி கிடைக்குமேன்னுதான் போனேன். அவங்க பாருக்கு மேல 20 மீட்டர் நாடாவை விரிச்சு, நாடாவுக்குக் கீழ எது வருதோ அதை எழுதுறாங்க. உயிர்ப் பவளம் இத்தனை சென்டிமீட்டர், செத்த பவளம் இத்தனை, பாசி இத்தனை, மணல் இத்தனை. பிளாஸ்டிக் பலகையில பென்சிலால தண்ணிக்கு அடியிலயே எழுதுறாங்க. நம்ம குழுக் கணக்கு நோட்டு மாதிரிதான். வரவு செலவு விட்டுப் போகக் கூடாது.

நான் கண்ணாடி மாட்டிக் குனிஞ்சு பார்த்தேன். பாரு சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளையாக் கிடந்தது. அது வெயில் கொதிச்ச மாசம். அப்பதான் எனக்குச் சொன்னாங்க: பவளம் கல்லு இல்ல, சின்னச் சின்ன உயிருங்க கூடிக் கட்டுன வீடு. அதோட உடம்புக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கு. அந்தப் பாசிதான் அதுக்குச் சோறு போடுது, நிறமும் கொடுக்குது. தண்ணி ரொம்பச் சூடாயிட்டா பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிரும். உடனே செத்துறாது. சீக்கிரம் குளிர்ந்தா பாசி திரும்ப வரும். இல்லாட்டி பட்டினிதான். முப்பது வருசமா பாசி அள்ளுறவளுக்கு, பாசி இல்லாம ஒரு உயிரு சாகுதுன்னு அன்னைக்குத்தான் தெரியும்!

அந்த ஒரு வருசத்துல மட்டும் உயிர்ப் பவளம் நூத்துக்கு 39ல இருந்து 23க்கு இறங்கிருச்சுன்னு கணக்கு வந்தது. 2010லயும் இப்படி வெளுத்திருக்கு. அதுக்கு நாம காரணம் இல்ல, சூடுதான் காரணம். அதைச் சத்தமாவே சொல்றேன். ஆனா மரிக்கொழுந்து எடுக்க நாம இரும்பால சுரண்டுறதும், கல்லைப் புரட்டிப் போட்டுட்டு வர்றதும் எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். வெயில்ல சுருண்டு கிடக்கிறவளை மிதிக்கிற மாதிரி அது. பாரு போனா மீன் எங்க வந்து ஒதுங்கும்? நம்ம வீட்டு ஆம்பளைங்க வலையில என்ன விழும்?

சின்னப்பாலத்துல நம்ம பாசிப் பொம்பளைங்களே கூடி, மாசத்துல 12 நாளுக்கு மேல கடலுக்குப் போறதில்லைன்னு வச்சாங்க. அங்க இருந்து லட்சுமி அக்காவுக்கு 2015ல சீகாலஜி பரிசு கிடைச்சது. நம்ம ஊர்ல இதைப் பேசினப்ப என்னைத்தான் திட்டுனாங்க. "உனக்குப் படகுக் கூலி வருது, எங்க கடன் தவணையை யார் கட்டுவா?" நியாயமான கேள்வி. என்கிட்ட பதில் இல்ல. அதனாலதான் மேடையில கேக்குறேன். போகாத நாளுக்குத் தவணையைத் தள்ளி வைக்கக் கூட்டமைப்பு வங்கிகிட்ட பேசணும்.

இன்னொண்ணு அதிகாரிங்களுக்கு. அளந்த கணக்கை எங்ககிட்ட தமிழ்ல வாசிச்சுச் சொல்லுங்க. எங்க கடலோட கணக்கு எங்களுக்கு வரணும்ல. அடுத்த தடவை படகு கிளம்புறப்ப, பலகையில எழுத நம்ம குழுவுல இருந்தே ரெண்டு பேரைக் கூட்டிட்டுப் போகணும்னு கேட்டிருக்கேன். எட்டாவது படிச்சிருந்தாப் போதும், முங்கத் தெரியணும். வர்றவங்க சாப்பாட்டுக்கு முன்னாடி என்கிட்ட பேர் கொடுங்க.