மழையும் மாதிரி மேகமும்

(குளத்தூர் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் சாரம்)



நாம் பெரிய படிப்புப் படித்தவரல்ல. கையில் கிடைத்த புத்தகங்களை வாசித்தும், தெரிந்தவர்களைக் கேட்டும் அறிந்ததையே சொல்லுகின்றோம். சரியென்று பட்டால் ஒப்புக்கொள்ளுங்கள். தப்பென்று பட்டால் தள்ளிவிடுங்கள்.

இந்தக் கரிசலிலே புழுதியில் விதையைப் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்து உட்காருகின்றோம். மழை பெய்தால் உளுந்து, பாசி, பருத்தி, மிளகாய்; பொய்த்தால் விதையும் போயிற்று, கடனும் நின்றது. இந்தக் கவலையில்தான் கொடும்பாவி கட்டி இழுக்கின்றோம். கழுதைக்குக் கல்யாணம் செய்கின்றோம். 2019-ல் சர்க்காரின் அறநிலையத் துறையே மழைக்காகக் கோவில்களில் யாகம் நடத்தச் சுற்றறிக்கை அனுப்பிற்று. மழை வந்தால் யாகத்தின் மகிமை. வராவிட்டால் பக்தி போதவில்லை. எப்படி விழுந்தாலும் தோற்காத காசு செல்லாத காசு அல்லவா?

இனி அறிவின் வழியைப் பாருங்கள். சூடுள்ள பொருள் ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியாத அலைகளை விட்டுக்கொண்டே இருக்கின்றது. அவற்றில் ஒரு வகை மைக்ரோவேவ் என்னும் நுண்ணலை. வெளிச்சத்தைக் கொண்டு பார்த்தால் மேகத்தின் முதுகுதான் தெரியும். நுண்ணலையோ மேகத்தின் வயிற்றுச் சேதியைக் கொண்டுவரும். இந்தியாவும் பிரான்சும் சேர்ந்து 2011 அக்டோபர் 12-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அனுப்பிய மேகா டிராபிக்ஸ் என்னும் செயற்கைக்கோளில், இந்த அலையை அளக்க 'மெட்ராஸ்' என்றே பெயருள்ள ஒரு கருவி இருந்தது.

ஆனால் கருவி, "இத்தனை அங்குலம் மழை" என்று சொல்லாது. அலையின் பலத்தை மட்டுமே சொல்லும். ஆகவே விஞ்ஞானிகள் கணக்கிலேயே ஒரு மாதிரி மேகம் செய்கின்றார்கள். இத்தனை துளி, இன்ன பருமன், மேலே இவ்வளவு பனிக்கட்டி என்று வைத்து, அந்த மேகம் எவ்வளவு அலை விடும் என்று கணக்கிட்டு, கருவி சொன்னதோடு ஒத்துப் பார்க்கின்றார்கள். ஒத்துவராவிட்டால் மாதிரியைத் திருத்துகின்றார்கள்.

துளியின் பருமன் எப்படித் தெரிந்தது? அமெரிக்காவில் பென்ட்லி என்று ஒரு குடியானவர். மழையில் மாவுத் தட்டை நீட்டி, துளி விழுந்து திரண்ட உருண்டைகளை அளந்து 1904-ல் எழுதி வெளியிட்டார். 1948-ல் கனடாவில் மார்ஷல், பால்மர் என்ற இருவர், மழை வலுக்க வலுக்கத் துளிகளின் அளவு எப்படி மாறுகின்றது என்பதற்கு ஒரு சூத்திரமே கண்டார்கள். ஆகவே இது மாவுத் தட்டில் பிறந்த சாஸ்திரம். யாகக் குண்டத்தில் பிறந்ததல்ல.

குறையையும் மறைக்காமல் சொல்லவேண்டும். கடல் நுண்ணலையைக் கொஞ்சமாக விடுவதால், கடல்மேல் மழைத்துளி பளிச்சென்று தெரியும். நிலமோ தானே நிறைய விடுவதால் துளி அதில் மறைந்துபோகும். அதனால் நிலத்தின்மேல், மேகத்தின் உச்சியிலுள்ள பனிக்கட்டி அலையைச் சிதறடிப்பதைக் கொண்டே மழையை ஊகிக்க வேண்டியிருக்கின்றது. பனிக்கட்டி குறைந்த மேகம் பெய்தால் கணக்குத் தவறலாம். 'மெட்ராஸ்' கருவியும் 2013 ஜனவரியிலேயே பழுதாயிற்று. அதை அவர்கள் ஒளிக்கவில்லை. மற்றக் கருவிகளைக் கொண்டு வேலையைத் தொடர்ந்தார்கள். தோல்வியை ஒப்புக்கொண்ட யாகம் ஒன்றை யாராவது காட்டுவார்களா?

2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில், நம் தூத்துக்குடி ஜில்லாவின் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. வராத மழை விதையைக் கொல்லுகின்றது. மிஞ்சிய மழை வீட்டையே கொண்டுபோகின்றது. முன்கூட்டி அறிவது நமக்கு உயிர்ப் பிரச்சினை.

வானத்துக் கணக்குச் சரியா என்று சொல்லவேண்டியது தரையில் அளந்த மழைதான். ஆகையால், ஊருக்கு ஒரு மழைமானி கேளுங்கள். அது வரும்வரை, அடியும் வாயும் ஒரே அகலமுள்ள நேரான டப்பாவை வெட்டவெளியில் வையுங்கள்; தினமும் காலை எட்டரை மணிக்கு அளந்து நோட்டில் எழுதுங்கள். அதில் 10 மில்லிமீட்டர் நின்றால், ஒரு ஏக்கரில் சுமார் 40,000 லிட்டர் விழுந்ததென்று அர்த்தம். கொடும்பாவிக்கு வசூலிக்கும் பணத்தில் ஒரு பங்கு இதற்குப் போதும். பத்து வருஷ நோட்டு கையில் இருந்தால், எவர் வந்து என்ன சொன்னாலும், "கணக்கைப் பார்" என்று சொல்லலாம்.

அந்த ஒரு சொல்லைச் சொல்லப் பழகுங்கள் என்று கேட்டுக்கொண்டு முடிக்கின்றோம்.