பார்வை தெளிவாக இருக்கும்போதே

 

"சீனி வருத்தம் இருக்கிறதுதான்; ஆனால் கண் நன்றாகத் தெரிகிறதே" என்பார்கள் நம் பெரியவர்கள். ஏமாற்றம் அங்கேதான் தொடங்குகின்றது. இரத்தத்தில் மிகுந்த சீனி, விழித்திரையின் நுண்ணிய குழாய்களை ஆண்டுக்கணக்கில் நலிவுறச் செய்கின்றது. வலி இராது, தொடக்கத்தில் மங்கலும் இராது. குழாய் கசிந்து விழித்திரை வீங்கும்போதோ, புதிதாய் முளைத்த மெல்லிய குழாய் உடைந்து இரத்தம் பெருகும்போதோதான் பார்வை மறைகின்றது. லேசர் சிகிச்சையும் கண்ணுள் ஏற்றும் ஊசியும் எஞ்சிய பார்வையைக் காக்க வல்லவை; இழந்ததை முழுதும் மீட்பது அரிது.

ஆகவே, முதியவர்களுக்கு நோய் உறுதியான உடனேயே விழித்திரையைச் சோதிப்பியுங்கள். பின்னர் ஆண்டுதோறும் அதனைத் தொடருங்கள். கண்ணாடிக் கடையில் எழுத்து வாசிப்பது இதற்கு ஈடாகாது. யாழ் போதனா வைத்தியசாலையில் கண் சிகிச்சைப் பிரிவு உண்டு. அரசாங்க வைத்தியசாலையில் கட்டணமுமில்லை.

இளைஞர்களே, இதில் உங்களுக்கும் வேலையுண்டு. கண்மணியை விரிக்கும் துளிமருந்து இட்டபின் சில மணி நேரம் பார்வை மங்கும், வெயில் கூசும். வாப்பா தனியே மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பலாகாது. ஒரு காலைப்பொழுதை அவருக்குக் கொடுங்கள். உம்மாவின் கிளினிக் நாளையும் குறித்து வையுங்கள்; வீட்டு வேலையில் தம் முறையை மறந்துவிடுபவர் பெரும்பாலும் அவர்தாம். நோன்பு நெருங்குமுன் மாத்திரை, இன்சுலின் வேளைகளை வைத்தியரிடமே கேட்டறியுங்கள்.

திடீரெனக் கரும்புள்ளிகள் மிதந்தாலோ, திரை விழுந்தாற்போல் தோன்றினாலோ, அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திராது அன்றே அழைத்துச் செல்லுங்கள்.