கண்ணாடித் தட்டில் ஒரு குடும்பம்

அமெரிக்க உள்நாட்டுப் போர் என்றதும் லிங்கன், கெட்டிஸ்பர்க், ஜெனரல்கள் என்று நமக்கு ஒரு வரிசை நினைவுக்கு வரும். இன்று அந்தப் பெரிய கதையை விட்டுவிட்டு, உள்ளங்கையில் அடங்கக்கூடிய இரண்டு புகைப்படங்களைப் பற்றி மட்டும் பேசுகிறேன். இரண்டும் இன்று வாஷிங்டன் காங்கிரஸ் நூலகத்தில், லில்யன்குவிஸ்ட் குடும்பத்தார் கொடுத்த தொகுப்பில் இருக்கின்றன. ஒரு தந்தையும் அவருடைய பிள்ளைகளும் சேகரித்தவை. 2010இல் அவர்கள் சுமார் 700 படங்களை நூலகத்துக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். பிறகும் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள்.

முதலில் இந்தப் படங்கள் எப்படிப்பட்டவை என்று சொல்லிவிடுகிறேன். போர் தொடங்கிய 1861இல் புகைப்படக் கலைக்கு வயது 22தான். ஆனால் அதற்குள் சிறு ஊர்களில்கூட ஸ்டூடியோக்கள் வந்திருந்தன. ராணுவ முகாமுக்குப் பக்கத்திலேயே கூடாரம் போட்டுப் படமெடுத்தவர்களும் உண்டு. கண்ணாடியில் எடுத்த படம் ஆம்ப்ரோடைப். மெல்லிய இரும்புத் தகட்டில் எடுத்தது டின்டைப். பெயரில்தான் டின், அதில் தகரம் கிடையாது. இரண்டிலும் தனியாக நெகட்டிவ் இல்லை. கேமராவுக்குள் வைத்த தட்டேதான் கடைசியில் கையில் கிடைக்கும் படம். அதனால் இடம் வலமாக மாறியிருக்கும். இடுப்புவார் வில்லையில் ‘யூ எஸ்’ என்ற எழுத்துகள் திரும்பித் தெரியும். வலக்கைக்காரர்கள் எல்லாம் இடக்கைக்காரர்கள் ஆகிவிடுவார்கள். படம் எடுத்த பிறகு பித்தான்களுக்குப் பொன்வண்ணம், கன்னங்களுக்குக் கொஞ்சம் ரோஜா நிறம் பூசி, வெல்வெட் வைத்த சிறு பெட்டியில் அடைத்துக் கொடுப்பார்கள்.

கையில் இருக்கும் கத்தியையும் கைத்துப்பாக்கியையும் உடனே நம்பிவிடக் கூடாது. பல ஸ்டூடியோக்களில் அவை நாற்காலி, திரைச்சீலை மாதிரி வாடகைச் சாமான். போருக்குப் போகும் பையன் வீரனாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

பெரும்பாலான படங்களில் பெயர் இல்லை. ஏன் எழுதவில்லை என்று கேட்டால், தேவைப்படவில்லை. தன் மகன் யார் என்று எந்தத் தாய் எழுதி வைப்பாள்? இரண்டு தலைமுறை தாண்டி வீட்டுச் சாமான்களோடு ஏலத்துக்குப் போகும்போதுதான் அந்த முகம் அநாதையாகிறது. பிறகு தேடுபவர்களுக்குக் கிடைக்கும் முதல் பிடி ரெஜிமென்ட். அன்றைய ரெஜிமென்டுகளைப் பெரும்பாலும் மாநிலங்கள் திரட்டின. காகிதக் கணக்கில் 10 கம்பெனிகள், ஏறத்தாழ 1000 பேர். ஒரே ஊர்க்காரர்கள் ஒரே கம்பெனியில் இருந்தார்கள். வடபகுதிப் படையின் ரெஜிமென்ட் எது என்று தெரிந்துவிட்டால், அது எங்கே திரட்டப்பட்டது, எங்கெல்லாம் போனது என்று 1908இல் ஃபிரெடரிக் டையர் வெளியிட்ட பெரிய தொகுப்பில் பார்த்துவிடலாம்.

திரையில் இப்போது நீங்கள் பார்ப்பது முதல் படம், 1861 வாக்கில் எடுத்த டின்டைப். பெயர்கள் தெரிந்த படம். பெரிய கத்தியோடு இருக்கும் வெள்ளை இளைஞன் ஆண்ட்ரூ சாண்ட்லர், மிசிசிப்பி 44ஆம் காலாட்படை. பக்கத்தில் சீருடையோடு, மடியில் துப்பாக்கியோடு அமர்ந்திருப்பவர் சைலஸ் சாண்ட்லர், கறுப்பினத்தவர். 2009இல் பழம்பொருள்களை மதிப்பிடும் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு இந்தப் படம் வந்தது. இருவரின் வழித்தோன்றல்களும் சேர்ந்தே வந்தார்கள். சைலஸ் போருக்கு முன்பே விடுதலை பெற்றவர், நட்புக்காக ஆண்ட்ரூவுடன் சேர்ந்து தென்மாநிலங்களுக்காகப் போரிட்டார் என்ற குடும்பக் கதையும் கூடவே வந்தது. இந்தக் கதைக்கு வாங்குபவர்கள் எப்போதும் உண்டு. அடிமைகளே விரும்பிப் போரிட்டார்கள் என்றால் போர் அடிமை முறைக்காக நடக்கவில்லை என்று சொல்லிவிடலாம் அல்லவா?

ஆவணங்களைத் தேடியவர்கள் கண்டது வேறு. சைலஸ் சாண்ட்லர் குடும்பத்தின் அடிமை. முதலாளி வீட்டுப் பையனுக்குப் பணிவிடை செய்யப் போர்முனைக்கு அனுப்பப்பட்டவர். மிசிசிப்பியில் அடிமைக்கு விடுதலை கொடுப்பதையே அன்றைய சட்டம் ஏறக்குறைய முடியாததாக்கியிருந்தது. தென்மாநிலக் கூட்டமைப்பு கறுப்பினத்தவரைப் படைவீரர்களாகச் சேர்க்கச் சட்டம் இயற்றியது 1865 மார்ச்சில், போர் முடிய ஒரு மாதம் இருந்தபோது. முதுமையில் சைலஸ் ஓய்வூதியம் கேட்டு எழுதிக் கொடுத்த விண்ணப்பமும் படைவீரர்களுக்கானது அல்ல; வேலைக்காரர்களுக்கென்று தனியாக இருந்த படிவம். 1860 கணக்கெடுப்பின் அடிமைப் பட்டியலைப் பாருங்கள். உடைமையாளர் பெயருக்குக் கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம், இவ்வளவுதான். ஆளின் பெயருக்கு அங்கே இடமே இல்லை. அப்படி எழுதப்பட்ட ஒரு மனிதரின் மடியில் ஸ்டூடியோக்காரர் துப்பாக்கியை வைத்தார், படம் 150 ஆண்டுகள் அந்தப் பொய்யைச் சொல்லிக்கொண்டிருந்தது. சைலஸின் வழித்தோன்றல்களில் சிலர் அதற்கு எதிராக நெடுங்காலம் போராடியவர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 2014இல் படம் நூலகத்துக்கு வந்துசேர்ந்தது.

இரண்டாவது படத்துக்கு வருவோம். எனக்கு இந்தத் தொகுப்பிலேயே மிகவும் நெருக்கமானது. ஆம்ப்ரோடைப். நடுவில் வடபகுதிப் படையின் சீருடையில் ஒரு கறுப்பினத்தவர். பக்கத்தில் தொப்பி அணிந்த மனைவி. இரண்டு மகள்கள், ஒரே மாதிரி மேற்சட்டை, ஒரே மாதிரி தொப்பி. அந்தத் துணியை யாரோ உட்கார்ந்து அளந்து வெட்டித் தைத்திருக்கிறார்கள். நால்வரும் நேராக நம்மைப் பார்க்கிறார்கள். படம் மேரிலாந்து மாநிலத்தில் செசில் கவுன்டியில் கிடைத்தது. ஆகவே மேரிலாந்தில் திரட்டப்பட்ட ஏழு கறுப்பின ரெஜிமென்டுகளில் ஒன்றைச் சேர்ந்தவராக இருக்கலாம் என்று கருதினார்கள். நூலகக் குறிப்பில் ‘அடையாளம் தெரியாத வீரர்’ என்றே இருந்தது. பிறகுதான் பெயர் தெரிந்தது: சார்ஜன்ட் சாமுவேல் ஸ்மித், அமெரிக்கக் கறுப்பினப் படையின் 119ஆம் காலாட்படை. அந்த ரெஜிமென்ட் மேரிலாந்தில் அல்ல, கென்டக்கியில், 1865 தொடக்கத்தில் கேம்ப் நெல்சன் முகாமில் திரட்டப்பட்டது.

போர் வரலாறு தேடுபவர்கள் 119ஐத் தாண்டிப் போய்விடுவார்கள். புகழ்பெற்ற சண்டை எதுவும் அதன் பெயரில் இல்லை. கென்டக்கியிலேயே காவல் பணி. ஆனால் கேம்ப் நெல்சன் என்ற இடம் தெரிந்த பிறகு என்னால் இந்தப் படத்தைப் பழையபடி பார்க்க முடியவில்லை.

கென்டக்கி வடபகுதியோடு நின்ற மாநிலம். அதனாலேயே லிங்கனின் 1863 விடுதலைப் பிரகடனம் அங்கே செல்லாது. அங்கே ஓர் அடிமை விடுதலை பெற முக்கியமான வழி படையில் சேர்வது. அந்த விடுதலையும் அவருக்கு மட்டும்தான். மனைவியும் பிள்ளைகளும் முதலாளியின் உடைமையாகவே இருப்பார்கள். முதலாளியின் கோபத்துக்கு அஞ்சிக் குடும்பத்தோடு முகாமுக்கு வந்தவர்கள் நூற்றுக்கணக்கில். 1864 நவம்பர் கடுங்குளிரில் முகாமின் தளபதி ஸ்பீட் ஃபிரை சுமார் 400 பெண்களையும் குழந்தைகளையும் வெளியேற்றி, குடிசைகளையும் அழிக்கச் செய்தார். 102 பேர் இறந்தார்கள்.

அவர்களில் ஒரு குழந்தை, 124ஆம் காலாட்படையைச் சேர்ந்த ஜோசஃப் மில்லரின் ஏழு வயது மகன். பையனுக்கு உடம்பு சரியில்லை, குளிரில் வெளியே போனால் செத்துவிடுவான் என்று தந்தை கெஞ்சினார். வண்டியில் ஏறாவிட்டால் சுட்டுவிடுவேன் என்றான் காவலன். அன்றிரவு மில்லர் ஆறு மைல் நடந்து குடும்பத்தைத் தேடிக் கண்டபோது மகன் இறந்திருந்தான். பணிக்குத் திரும்பி வந்தார். மறுநாள் மறுபடி நடந்துபோய், தானே குழி தோண்டிப் புதைத்துவிட்டு, மறுபடி முகாமுக்கு வந்தார். நவம்பர் 26 அன்று இதையெல்லாம் சத்தியப் பிரமாணமாகச் சொல்லி, கையெழுத்துக்குப் பதில் ஒரு குறி போட்டார். 1865 ஜனவரியில் அவரும் இறந்தார். அவருடைய படத்தை நான் எங்கும் பார்த்ததில்லை.

இதுபோன்ற வாக்குமூலங்கள் செய்தித்தாள்களுக்கும் வாஷிங்டனுக்கும் போயின. 1865 மார்ச் 3ஆம் தேதி, கறுப்பின வீரர்களின் மனைவியரும் குழந்தைகளும் விடுதலை பெற்றவர்கள் என்று காங்கிரஸ் சட்டம் இயற்றியது. 119ஆம் ரெஜிமென்டுக்கு முகாமில் ஆள் சேர்த்துக்கொண்டிருந்த மாதங்கள் அவை. அப்போது கென்டக்கியில் ஒருவர் அந்த நீலச் சட்டையைப் போட்டால், பக்கத்தில் நிற்கும் மூன்று பேருக்கும் சேர்த்துத்தான் போடுகிறார்.

இனி படத்தை ஒரு நிமிடம் திரையில் அப்படியே விடுகிறேன். நூலகக் குறிப்பில் இப்போது நான்கு பெயர்கள் இருக்கின்றன. சாமுவேல், மோலி, மேரி, மேகி.