இரத்தம் கொடுக்குமுன் கேட்டறிவோம்

(உலு யாம் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தொழிலாளத் தோழர்களே, கிராணிமார்களே, தாய்மார்களே!

சம்பளம், வீடு, தண்ணீர் பற்றிப் பலமுறை பேசியிருக்கிறோம். இன்று ஆண்கள் வாய்திறக்கக் கூசும் ஒரு சங்கதியைப் பேசுகிறேன். அது புராஸ்டேட் சுரப்பியில் உண்டாகும் புற்றுநோய்.

ஆண்களின் மூத்திரப் பைக்குக் கீழே இச்சுரப்பி இருக்கிறது. வயது ஏற ஏற அது பெருப்பது சகஜம். இரவில் பலமுறை எழுந்து போவதெல்லாம் புற்றுநோயல்ல. சிறையிலிருந்த நெல்சன் மண்டேலாவுக்கு 1985இல் இவ்வீக்கத்துக்காகவே அறுவைச் சிகிச்சை நடந்தது. அவருக்குப் புற்றுநோய் கண்டது 2001இல். அதன் பிறகும் 95 வயதுவரை வாழ்ந்தார்.

இந்நோய் ஆரம்பத்தில் பெரும்பாலும் அடையாளம் காட்டாது. அதனால்தான் பி.எஸ்.ஏ. என்ற இரத்தப் பரிசோதனை இருக்கிறது. "அப்படியானால் எல்லோரும் எடுத்துவிடலாமே?" என்பீர்கள். பொறுங்கள். அளவு கூடியவர்களில் நாலு பேருக்கு மூன்று பேரிடம் புற்றுநோய் இராது. அளவு சரியாக இருந்தும் சிலரிடம் நோய் இருக்கும். சில புற்றுகள் ஆயுள் முழுவதும் தொல்லை தராமல் மெள்ள வளரும். வெட்டு ஆழமானால் பட்டை காயப்படும் என்பது நமக்குத் தெரியும். தேவையற்ற வைத்தியமும் அப்படியே. மூத்திரத்தை அடக்க முடியாமலும் தாம்பத்தியம் கெட்டும் வருந்துவோர் உண்டு.

ஐரோப்பாவில் நடந்த பெரிய ஆராய்ச்சியின் 23 ஆண்டுக் கணக்கு 2025இல் வெளிவந்தது. 456 பேரைச் சோதனைக்கு அழைத்ததில் ஒரு மரணம் தவிர்ந்தது. அந்த ஒருவர் நம் வீட்டு மனிதராகவும் இருக்கலாம். ஆகவே எடு என்றும் விடு என்றும் நான் சொல்லமாட்டேன். முடிவு உங்களுடையது.

50 வயதைத் தாண்டியவர்கள் டாக்டரிடம் பேசுங்கள். தகப்பனுக்கோ கூடப்பிறந்தவருக்கோ இந்நோய் இருந்தால் முன்னதாகவே பேசுங்கள். "அளவு கூடினால் அடுத்தது என்ன? உடனே அறுக்க வேண்டுமா, கண்காணித்து வரலாமா?" என்று கேளுங்கள். சுரப்பிக்குள்ளேயே அடங்கிய நோயுள்ளவர்களை பிரிட்டனில் 15 ஆண்டுகள் கவனித்தார்கள். அறுத்தவர், கதிர் வைத்தியம் பெற்றவர், கண்காணிப்பில் இருந்தவர் ஆகிய மூவகையிலும் 100க்கு 97 பேர் இந்நோயால் சாகவில்லை.

ஆனால் மூத்திரத்தில் இரத்தம் கண்டாலோ, மூத்திரம் அடைத்தாலோ யோசனை வேண்டாம். உடனே கிளினிக்குக்கோ கோலா குபு பாரு ஆஸ்பத்திரிக்கோ போங்கள். ஒரு நாள் சம்பளம் போகுமே என்று தள்ளிப்போடாதீர்கள். டாக்டர் சான்று கொடுத்தால், 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, வேலைக்காலத்துக்கு ஏற்ப ஆண்டுக்கு 14 முதல் 22 நாள்வரை சம்பளத்துடன் நோய் விடுமுறை உண்டு.

தாய்மார்களே, வீட்டு ஆண்பிள்ளை கூச்சப்பட்டால் நீங்கள் உடன் செல்லுங்கள். வெட்கமும் வேண்டாம், பீதியும் வேண்டாம். விவரம் கேட்டு முடிவு செய்வோம்.